சன்ஷைன் நோர்த்தில் ஒரு பெயர்ப்பலகை
மார்க் விடூக்காவின் உதைபந்தாட்ட வாழ்வும் புலம்பெயர்ந்த சமூகங்களின் கனவும்

மெல்பேண் நகரின் மேற்கே உள்ள சன்ஷைன் நோர்த் நம்மவர்க்குப் புதிய இடமன்று. அங்குள்ள முருகன் ஆலயத்தை அறியாத தமிழ்க் குடும்பம் அந்நகரில் இராது எனலாம். ஆயினும் அதே பகுதியில் ஓர் உதைபந்தாட்ட மைதானம் இருப்பதையும், அங்குள்ள பார்வையாளர் அரங்கு ஒரு குடியேறியின் மகனது பெயரைத் தாங்கி நிற்பதையும் நம்மவருள் அறிந்தோர் சிலரே. அம்மைதானம் குரோஷியர்களுடையது. அந்தப் பெயர் மார்க் விடூக்கா.

இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கில் 240 ஆட்டங்களில் 92 கோல்களைப் போட்ட முன்கள வீரர் அவர். அவுஸ்திரேலியத் தேசிய அணிக்காக 43 ஆட்டங்களில் ஆடியவர். 2006-ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் அதன் தலைவராக விளங்கியவர். இவ்விபரங்களை விளையாட்டுப் பக்கங்கள் பலமுறை எழுதிவிட்டன. நாம் இங்கு எழுத விழைவது அவற்றின் பின்னால் உள்ள கதையை. நாடு விட்டு நாடு வந்த ஒரு சமூகம் தன் பிள்ளையொருவனை எவ்வாறு உருவாக்கியது, பின் அவன் தோளில் எதை ஏற்றியது என்பது நமக்கும் உரிய கேள்வி.

கழகம் என்னும் இரண்டாம் ஊர்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களால் அவுஸ்திரேலியாவின் உதைபந்தாட்டம் புத்துயிர் பெற்றது. கிரேக்கர், இத்தாலியர், ஹங்கேரியர், யூதர், குரோஷியர், சேர்பியர், மோல்ற்றா நாட்டவர் எனத் தத்தம் சமூகங்களுக்கென அவர்கள் கழகங்களைத் தோற்றுவித்தனர். மெல்பேணில் சவுத் மெல்பேண் ஹெலாஸ், சிட்னியில் மார்க்கோனி, சென். ஜோர்ஜ் புடபெஸ்ற் என்பன அவற்றுட் சில. வார நாள்களில் தொழிற்சாலையில் உழைத்தவர்கள் ஞாயிறன்று மைதானத்தில் கூடினார்கள். சொந்த மொழியில் பேசினார்கள், ஊர்ப் புதினம் கேட்டார்கள், வேலை தேடுவோர்க்கு வேலை சொன்னார்கள், பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசினார்கள். ஆட்டம் முடிந்த பின்னும் அங்கிருந்து நகராதவர்கள் பலர்.

பெரும்பான்மை அவுஸ்திரேலியர்க்கு இது பிடிக்கவில்லை. தம் விதிப்படி ஆடும் ஓவல் பந்தும் றக்பியுமே அவர்களுக்கு ஆட்டங்கள். உதைபந்தாட்டத்தைத் தென் ஐரோப்பியரைக் குறிக்கும் இழிசொல்லோடு சேர்த்து 'வொக்போல்' என்று அழைத்தனர். அச்சொல்லைப் பாடசாலை முற்றத்தில் கேட்டு வளர்ந்த தலைமுறையே பின்னர் அந்நாட்டை உலகக் கிண்ணத்துக்கு இட்டுச் சென்றது.

குரோஷியர்கள் மெல்பேணில் தம் கழகத்தை 1953-இல் நிறுவினர். அப்போது குரோஷியா என்றொரு நாடு உலகப் படத்தில் இருக்கவில்லை. அது யூகோஸ்லாவியாவின் ஒரு பகுதி. நாடாக இல்லாத ஒன்றின் பெயரைத் தம் சட்டையில் பொறித்து அவர்கள் ஆடினார்கள். அதன் பொருள் நம் வாசகர்க்கு விளக்கப்பட வேண்டியதன்று. கோபமும் அங்கே குறைவின்றி இருந்தது. 1972-இல் மைதானத்தில் மூண்ட வன்செயலை அடுத்து அக்கழகம் விக்ரோறிய மாநிலப் போட்டிகளினின்றும் விலக்கப்பட்டது. சில ஆண்டுகளின் பின் வேறொரு கழகத்தின் வழியாக அவர்கள் திரும்பி வந்தனர். 1984-இல் தேசிய லீக்கில் இடம் பெற்றனர். சன்ஷைன் நோர்த்தில் தமக்கென மைதானமும் அமைத்துக்கொண்டனர்.

சென். அல்பன்ஸ் சிறுவன்

விடூக்கா 1975 ஒக்ரோபர் 9-இல் மெல்பேணில் பிறந்தார். வளர்ந்தது மேற்குப் புறநகரான சென். அல்பன்ஸில். குறைந்த செலவில் வீடு வாங்க இயலும் என்பதால் புதிதாக வருவோர் எல்லாரும் முதலில் கால்பதித்த பகுதி அது. தந்தை குரோஷியர், தாயின் வழியில் உக்ரேனிய வேரும் உண்டு. சிறு வயதிலேயே குரோஷியக் கழகத்தில் சேர்ந்த விடூக்கா, கன்பராவிலுள்ள தேசிய விளையாட்டுப் பயிலகத்தில் பயின்று திரும்பி, 1993-இல் கழகத்தின் முதலணியில் இடம்பெற்றார்.

இரு பருவங்களில் 48 ஆட்டங்கள், 40 கோல்கள். இரு பருவங்களிலும் தேசிய லீக்கின் சிறந்த வீரர் விருது அவருக்கே கிடைத்தது. 1995-இல் கழகம் முதன்முறையாகத் தேசியச் சம்பியனாயிற்று. உயரமும் பருமனும் உடைய அவ்விளைஞரின் கால்களில் பந்து மிக மென்மையாக அடங்கிக் கிடந்தது. கோலுக்கு முதுகு காட்டி நின்று, பின்னால் நெருக்கும் காவல் வீரரைத் தன் உடலால் தடுத்து, ஒரு திருப்பத்தில் அவரைத் தாண்டிவிடுவது அவரது பாணி. ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் ஐரோப்பாவின் வலிய காவல் வீரர்களிடமும் அது செல்லுபடியாயிற்று.

ஜனாதிபதியின் வருகை

1995-இன் நடுப்பகுதியில் குரோஷிய ஜனாதிபதி ஃபிரான்யோ துஜ்மன் அவுஸ்திரேலியா வந்தார். குரோஷியா விடுதலையைப் பிரகடனம் செய்து நான்காண்டுகள் ஆகியிருந்தன. போர் இன்னும் ஓயவில்லை. புலம்பெயர்ந்த குரோஷியர்கள் பணமும் பொருளும் அனுப்பி வந்த காலம் அது. மெல்பேண் கழகத்துக்கும் சென்ற ஜனாதிபதி, விடூக்கா ஸாக்ரெப் நகருக்கு வந்து ஆட வேண்டும் என்று நேரிலேயே வலியுறுத்தினார். பத்தொன்பது வயது இளைஞன், அவனைச் சூழ்ந்து பெருமிதத்தோடு நிற்கும் பெற்றோரும் ஊராரும், எதிரே நாட்டின் தலைவர். அவ்விடத்தில் 'யோசித்துச் சொல்கிறேன்' என்று கூற எத்தனை பேரால் இயலும்?

விடூக்கா சென்றார். அவரைக் கொடுத்ததற்குக் கிடைத்த பணத்தில் மெல்பேண் கழகம் கட்டியெழுப்பியதே அவர் பெயர் தாங்கிய பார்வையாளர் அரங்கு.

ஸாக்ரெப்பில் மூன்று ஆண்டுகளில் மூன்று லீக் பட்டங்கள் வந்தன. ஆனால் துஜ்மனின் விருப்புக்கிணங்க, டினாமோ என்னும் பழம்பெயரைக் கொண்ட அக்கழகத்துக்குக் குரோஷியா ஸாக்ரெப் என்று பெயர் சூட்டப்பட்டிருந்தது. அதைத் தீவிர இரசிகர்கள் ஏற்கவில்லை. ஜனாதிபதியை வெளிப்படையாக எதிர்க்க இயலாத கோபத்தை, அவரால் அழைத்துவரப்பட்ட வீரர்மீது அவர்கள் கொட்டினார்கள். தன் சொந்த அணியின் மைதானத்தில் விடூக்கா ஏளனக் கூச்சலைக் கேட்டார். தாயகம் என்று பெற்றோர் கதைகளில் கேட்டு வளர்ந்த நாட்டில், அவர் ஓர் அரசியல்வாதியின் ஆளாகவும் வெளிநாட்டிலிருந்து வந்தவராகவும் பார்க்கப்பட்டார். துஜ்மன் 1999 டிசம்பரில் காலமானார். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே கழகம் தன் பழைய பெயரை மீட்டுக்கொண்டது. அதற்குள் விடூக்கா அங்கிருந்து போய்விட்டிருந்தார்.

1998 டிசம்பரில் ஸ்கொற்லாந்தின் செல்ரிக் கழகம் அவரைச் சுமார் 35 இலட்சம் பவுணுக்கு வாங்கியது. கிளாஸ்கோவில் இறங்கிய சில நாள்களிலேயே, மனம் சோர்ந்துவிட்டது, ஆட இயலாது என்று கூறி அவர் அவுஸ்திரேலியா திரும்பிவிட்டார். பத்திரிகைகள் கேலி செய்தன. இருபத்து மூன்று வயதில் இத்தனை பணம் பெறுபவனுக்கு என்ன சோர்வு என்று எழுதினார்கள். மூன்றரை ஆண்டுகள் அவர் சுமந்தது என்னவென்று கேட்டவர்கள் குறைவு. அகதியாக வந்து, வெளியே சிரித்துக்கொண்டே உள்ளே உடைந்துபோன இளைஞர்களை நம் சமூகத்திலும் நாம் கண்டிருக்கிறோம். 'அவனுக்கு என்ன குறை' என்ற கேள்வியே அவர்களுக்கும் மறுமொழியாகக் கிடைத்தது.

இங்கிலாந்துக் களம்

சில வாரங்களில் அவர் செல்ரிக்குக்குத் திரும்பினார். 1999-2000 பருவத்தில், அணியின் பெருந்தூணான ஹென்றிக் லார்சன் கால் முறிந்து ஆட இயலாதிருந்தபோது, 25 லீக் கோல்களைப் போட்டார். ஸ்கொற்லாந்து வீரர்கள் தம் சிறந்த சக வீரராக அவரைத் தெரிவு செய்தனர். 2000 ஜூலையில் இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைற்றட் கழகம் 60 இலட்சம் பவுண் கொடுத்து அவரை அழைத்தது. சிட்னியின் மேற்குப் பகுதியில் வளர்ந்த ஹரி கியூவெல் அங்கு ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தார்.

2000 நவம்பர் 4-ஆம் நாள் லீட்ஸின் எலண்ட் ரோட் மைதானத்துக்கு லிவர்பூல் வந்தது. லிவர்பூல் இரண்டு கோல்கள் முன்னணியில் நின்றது. விடூக்கா ஒன்றைப் போட்டார்; இடைவேளைக்குப் பின் மற்றொன்றைப் போட்டார். லிவர்பூல் மீண்டும் முந்தியது. விடூக்கா மூன்றாவதையும், அடுத்த இரு நிமிடங்களுள் நான்காவதையும் போட்டார். ஆட்டம் 4-3. லீட்ஸின் நான்கு கோல்களும் அவருடையவை. நான்காவது கோலில், முன்னோடி வந்த கோல் காப்பாளரின் மேலாகப் பந்தை மெல்லத் தூக்கிவிட்டார். அப்பருவத்தில் லீட்ஸ் ஐரோப்பியச் சம்பியன் லீக்கின் அரையிறுதி வரை சென்று வலென்சியாவிடம் தோற்றது.

அதன் பின் வீழ்ச்சி. எதிர்கால வருமானத்தை நம்பி வாங்கிய கடன் கழகத்தை அழுத்தியது. சிறந்த வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக விற்கப்பட்டனர். 2002-03 பருவத்தில் விடூக்கா போட்ட 20 லீக் கோல்களே லீட்ஸைத் தரமிறங்காமல் காத்தன. 2003 மே 4-இல் ஆர்சனலின் சொந்த மைதானத்தில், ஆட்டம் முடிய இரு நிமிடங்கள் இருக்கையில் அவர் போட்ட கோல் லீட்ஸுக்கு 3-2 வெற்றியைத் தந்தது. அதே கோல் ஆர்சனலின் சம்பியன் கனவை முடித்துப் பட்டத்தை மன்செஸ்ரர் யுனைற்றட்டுக்கு அளித்தது. அடுத்த பருவத்தில் தந்தை கடும் நோயுற்றிருந்தார். மனம் மெல்பேணிலும் உடல் லீட்ஸிலுமாக அவர் ஆடினார். லீட்ஸ் 2004-இல் தரமிறங்கியது.

அடுத்து மிடில்ஸ்பரோ. 2006-இல் அக்கழகம் யூஃபா கிண்ணத்தின் இறுதியாட்டம் வரை சென்றது. காலிறுதியில் சுவிற்சர்லாந்தின் பாசல் அணியிடம் முதலில் 2-0 எனத் தோற்று, மறு ஆட்டத்தில் 4-1 என வென்றபோது, அவற்றுள் இரண்டு விடூக்காவினுடையவை. இறுதியாட்டத்தில் செவில்லாவிடம் 4-0 எனத் தோற்றனர். 2007-இல் நியூகாசில் யுனைற்றட்டுக்குச் சென்றார். காயங்கள் அவரை விடவில்லை. 2009-இல் அக்கழகம் தரமிறங்கியதோடு அவரது ஆட்ட வாழ்வும் முடிந்தது. அவர் அதன்பின் எந்தக் கழகத்துக்கும் ஆடவில்லை.

சிட்னியில் ஓர் இரவு

அவுஸ்திரேலியா 1974-க்குப் பின் உலகக் கிண்ணத்தை எட்டிப் பார்க்கவில்லை. 1997-இல் மெல்பேணில் ஈரானுடன் இரண்டு கோல்கள் முன்னணியில் நின்றும் சமநிலையில் முடித்து வாய்ப்பை இழந்தது. 2001-இல் உருகுவேயிடம் தோற்றது. இவ்விரு துயரங்களிலும் விடூக்கா களத்தில் இருந்தார்.

2005 நவம்பர் 16-இல் மீண்டும் உருகுவே, இம்முறை சிட்னி. மைதானத்தில் எண்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர். முதல் ஆட்டத்தை உருகுவே 1-0 என வென்றிருந்தது. இத்தாலியத் தந்தைக்கும் குரோஷியத் தாய்க்கும் பிறந்த மார்க் பிரெசியானோ போட்ட கோலால் நிலை சமனாயிற்று. மேலதிக நேரமும் முடிந்து தண்ட உதைக்கு வந்தது. அணித்தலைவர் விடூக்காவின் உதை வெளியே போனது. அடுத்து வந்த உருகுவே வீரரின் உதையைக் கோல் காப்பாளர் மார்க் சுவாசர் தடுத்தார். இத்தாலியப் பெற்றோரின் மகனான ஜோன் அலோய்சி கடைசி உதையைக் கோலாக்கினார். 32 ஆண்டுக் காத்திருப்பு முடிவுற்றது. 'வொக்போல்' என்று இகழப்பட்ட ஆட்டத்தை, அன்றிரவு அந்நாடு முழுவதும் தன்னுடையது என்று கொண்டாடிற்று.

மறு ஆண்டு ஜேர்மனியில் விதி ஒரு விசித்திரத்தை அமைத்தது. 2006 ஜூன் 22-இல் ஸ்ருட்கார்ட் நகரில் அவுஸ்திரேலியாவும் குரோஷியாவும் மோதின. அவுஸ்திரேலிய அணியில் விடூக்கா உட்படக் குரோஷியப் பெயர்கள் பல. குரோஷிய அணியில் அவுஸ்திரேலியாவில் பிறந்தோர் மூவர். அவர்களுள் கன்பராவில் பிறந்த யோசிப் சிமுனிச், சன்ஷைன் நோர்த் மைதானத்தில் ஆடி வளர்ந்தவர். ஆங்கில நடுவர் கிரகாம் போல் அவருக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை காட்டிய பின்னும் வெளியேற்ற மறந்தார். மூன்றாவது அட்டைக்குப் பின்னரே வெளியேற்றினார். சிமுனிச்சின் அவுஸ்திரேலிய உச்சரிப்பு குழப்பத்துக்குக் காரணமாகியிருக்கலாம் என்று பின்னர் விளக்கம் கூறப்பட்டது. ஆட்டம் 2-2 என முடிந்து அவுஸ்திரேலியா அடுத்த சுற்றுக்குச் சென்றது. அங்கே இத்தாலி, இறுதிக் கணத்தில் கிடைத்த தண்ட உதையால் அதை வெளியேற்றியது.

ஒரே கழகம், ஒரே மைதானம், ஒரே மொழி. ஒருவர் பிறந்த நாட்டின் சட்டையை அணிந்தார், மற்றவர் பெற்றோரின் நாட்டின் சட்டையை அணிந்தார். இருவருள் எவரும் துரோகியல்லர். ஆனால் சிமுனிச்சின் கதையில் மேலும் ஒரு பக்கம் உண்டு. 2013 நவம்பரில், உலகக் கிண்ணத் தகுதியாட்டம் முடிந்ததும் ஒலிவாங்கியைக் கையிலெடுத்து, இரண்டாம் உலகப் போர்க்காலப் பாசிச ஆட்சியோடு தொடர்புடைய முழக்கமொன்றை இரசிகர்களோடு எழுப்பினார். பத்து ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. 2014 உலகக் கிண்ண வாய்ப்பு பறிபோனது. கன்பராவில் பிறந்த பிள்ளைக்கு அம்முழக்கத்தோடு என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். புலம்பெயர்ந்த சமூகங்கள் தாயகத்தின் பாட்டையும் பண்பாட்டையும் பேணுவதோடு, அதன் பழைய வன்மங்களையும் அப்படியே போத்தலில் அடைத்துப் பேணிவிடுகின்றன. தாயகத்தில் காலம் நகர்கிறது, போத்தலுக்குள் நகர்வதில்லை.

பெயரை மறைக்கும் சட்டம்

இனப்பெயர்களையும் சின்னங்களையும் கழகங்களினின்றும் அகற்றுமாறு அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட நிர்வாகம் பலகாலம் நெருக்கியது. 1990-களில் மெல்பேண் குரோஷியா, மெல்பேண் நைற்ஸ் ஆயிற்று; சிட்னி குரோஷியா, சிட்னி யுனைற்றட் ஆயிற்று. 2004-இல் பழைய தேசிய லீக் மூடப்பட்டது; மறு ஆண்டு தொடங்கிய புதிய லீக்கில் இக்கழகங்களுக்கு இடமில்லை. 2014-இல் புதிய இனப்பெயர்களுக்கும் சின்னங்களுக்கும் தடை விதிக்கும் விதி மீண்டும் வந்தது. 2019-இல் அது கைவிடப்பட்டது. உலகக் கிண்ணத்துக்கு வீரர்களைத் தந்த கழகங்கள், விருந்து நடக்கும் வீட்டின் வாசலில் நிறுத்தப்பட்டன. இந்நாடுகள் நம் பிள்ளைகளின் திறனை வரவேற்கும் வேகத்தில் நம் பெயர்களை வரவேற்பதில்லை என்பதற்கு இது சான்று.

நமக்கு இதில் என்ன?

நாமும் உதைபந்தாட்டம் அறியாதவர்கள் அல்லர். பாசையூர் சென். அன்ரனிஸ், நாவாந்துறை சென். மேரிஸ், ஊரெழு றோயல் எனக் கோயிலின் பெயரிலும் ஊரின் பெயரிலும் கழகம் வளர்த்த மண் நம்முடையது. புலம்பெயர்ந்த நாடுகளிலும் பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் கோடையில் சுற்றுப்போட்டிகளை நடத்துகின்றன. வாடகைக்கு எடுத்த மைதானத்தில் நாற்பது வயதுக்காரர்கள் மூச்சிரைக்க ஓடுகிறார்கள். கரையில் கொத்துரொட்டி விற்பனையாகிறது. பிள்ளைகள் எங்கே என்று பார்த்தால், சனிக்கிழமையாதலால் ரியூசனில் இருக்கிறார்கள். சிட்னியில் தெரிவுப் பாடசாலைப் பரீட்சைக்குப் பத்து வயதிலேயே பிள்ளை ஆயத்தமாக வேண்டும் என்னும் கவலை பெற்றோரை ஆட்டுகிறது.

அக்கவலையை நாம் இகழவில்லை. எல்லாவற்றையும் விட்டு ஓடிவந்தவர்க்குக் கல்வி ஒன்றே பறிக்கப்படாத சொத்து. ஆயினும் விடூக்காவின் கதை இரண்டு செய்திகளைச் சொல்கிறது. குரோஷியத் தொழிலாளர் நிலம் தேடி, மைதானம் அமைத்து, சிறு பிள்ளைகளுக்கு முதலில் அணி உருவாக்கினார்கள். சம்பியன் பட்டம் நாற்பது ஆண்டுகள் கழித்தே வந்தது. நம் கழகங்களோ பெரும்பாலும் நினைவுகளுக்காக நடத்தப்படுகின்றன. எட்டு வயதுப் பெண்பிள்ளைக்கும் ஆண்பிள்ளைக்கும் வாரந்தோறும் ஒரு பயிற்றுநர், நகரசபையுடன் பேசிப் பெற்ற நிரந்தர மைதானம், வேற்றினப் பிள்ளைக்கும் திறந்த கதவு ஆகிய மூன்றும் இருந்தால் அதுவே தொடக்கம்.

மற்றைய செய்தி இன்னும் கடினமானது. அதே சமூகம்தான் பத்தொன்பது வயது இளைஞனை ஒரு தலைவரின் முன் நிறுத்தி, அவன் மறுக்க இயலாத வேண்டுகோளை மகிழ்வோடு பார்த்து நின்றது. அவர்கள் தீயவர்களல்லர். தம் நாடு பிறந்துவிட்டது என்னும் களிப்பில், அவன் தோளுக்கு எவ்வளவு தாங்கும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. நம் பிள்ளைகளுள் ஒருவர் ஏதேனும் ஒரு துறையில் மேலெழுந்தால், மறுநாளே அவரை மேடையேற்றி, பொன்னாடை போர்த்தி, நம் வழக்கு முழுவதையும் உலகுக்கு எடுத்துரைக்க வேண்டிய பொறுப்பை அவரிடம் கையளிக்கிறோம். பேசினால் தொழிலுக்கு இடர். பேசாவிடின் இனத்தை மறந்தவர் என்னும் பழி. பேச விரும்பும் பிள்ளை பேசட்டும், அதற்குத் துணை நிற்போம். ஆனால் அத்தெரிவு அப்பிள்ளையுடையதாக இருக்க வேண்டும்.

2022 ஜூன் 13-இல், கற்றாரில், அவுஸ்திரேலியா மீண்டும் ஒரு தண்ட உதைப் போட்டியில் பெருவை வென்று உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. அணியின் கடைசி உதையைக் கோலாக்கியவர் அவெர் மாபில். தென் சூடானியப் பெற்றோருக்குக் கென்யாவின் கக்குமா அகதி முகாமில் பிறந்தவர். அம்முகாமின் புழுதியில் பந்து பழகியவர். ஐம்பதுகளில் குரோஷியரும் கிரேக்கரும் நடந்த பாதையில் இன்று ஆபிரிக்க அகதிகளின் பிள்ளைகள் நடக்கிறார்கள்.

விடூக்கா ஓய்வின் பின் ஸாக்ரெப்பில் குடும்பத்தோடு குடியேறினார். 2020-ஆம் ஆண்டளவில் அந்நகரின் புறத்தே ஒரு காப்பிக்கடையை அவர் நடத்திவருவதாகச் செய்திகள் வந்தன. ஒருகாலம் தன்னை ஏளனஞ்செய்த நகரை, எவருடைய அழைப்புமின்றி, வாழ்வதற்கெனத் தாமே தெரிந்துகொண்டார். சன்ஷைன் நோர்த்தில் அவர் பெயர் தாங்கிய அரங்கின் முன்னே சிறுவர் அணிகள் ஆடுகின்றன. அடுத்த முறை முருகனைத் தொழுதுவிட்டுத் திரும்பும் நம்மவர், வண்டியைச் சற்றுத் திருப்பி அம்மைதானத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கென எதைக் கட்டி வைக்க இயலும் என்பதை அவர்கள் அங்கே நேரிற் காண்பர்.